இரண்டு பவுண்டு குறைந்த தம்புல்ஸ்

எங்கள் பவுண்டரித் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமாம். "நீங்க வார்த்ததிலேயே பெருமையான வார்ப்பு எதுன்னு எழுதுங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டுப் போனார். முப்பத்தாறு வருஷம் மோல்டர் வேலை பார்த்தவன் நான். பம்பு உடல், ரயில் பெட்டியின் பிரேக் கட்டை, சாக்கடை மூடி என்று எத்தனையோ வார்த்திருக்கிறேன். என் சாக்கடை மூடிகளின் மேல் இந்த ஊரே நடக்கிறது. இதை யார் வார்த்தது என்று ஒருவரும் குனிந்து பார்த்துக் கேட்டதில்லை.

காலடிப்பேட்டையில் என் வீட்டைத் தேடி வருகிறவர்கள் கேட்பதெல்லாம், உடற்பயிற்சிக்குக் கைக்கொன்றாகத் தூக்குகிற ஒரு ஜோடி தம்புல்ஸைப் பற்றித்தான். "ஆணழகன் சூசைக்கு நீங்கதான் தம்புல்ஸ் செஞ்சி குடுத்தீங்களாமே?" என்பார்கள். ஆமாம் என்று தலையாட்டுவேன். அதில் ஒன்று கழிவு வார்ப்பு என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மலருக்கு எழுதும்போதாவது சொல்லிவிடுகிறேன்.

வேலை கற்ற கதையை நீட்ட வேண்டாம். முதல் இரண்டு வருஷம் மண் சலித்தேன். அடுத்த இரண்டு வருஷம் மண்ணை மிதித்தேன். ஐந்தாம் வருஷம் உருகிய இரும்பு ஒரு துளி செருப்புக்குள் இறங்கியது. சுண்டுவிரல் பக்கம் அந்த வட்டத் தழும்பு இன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு என்னை மோல்டர் என்று கூப்பிட்டார்கள்.

மரத்தில் செய்த அச்சை ஈர மண்ணில் பதித்து எடுத்தால் அதே உருவத்தில் குழி விழும். அதில் உருகிய இரும்பை ஊற்றி ஆறவிட்டால் பொருள் கிடைக்கும். தொழில் இவ்வளவுதான். "கெட்டுப்போறதுக்கு மட்டும் நாப்பது வழி கீது" என்பார் எங்கள் போர்மேன் வரதராஜுலு நாயுடு. நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

நைனா யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. தப்பு செய்தவன் எதிரே வந்து நிற்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் ஒரு பக்கம் துடைப்பார். பிறகு மறு பக்கம். மாட்டிக்கொண்டு மறுபடி பார்ப்பார். அந்த இரண்டு பக்கத்தையும் துடைத்து முடிப்பதற்குள் தப்பு செய்தவன் தானாகவே எல்லாவற்றையும் கக்கிவிடுவான். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். ஆறிய வார்ப்பைக் கயிற்றில் தொங்கவிட்டு அதால் ஒரு தட்டு தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார். நல்ல வார்ப்பு என்றால் மணி மாதிரி இழுத்து ஒலிக்கும். "பாடுது" என்பார். உள்ளே விரிசலோ ஓட்டையோ இருந்தால் சத்தம் சட்டென்று அடங்கும். "இருமுது" என்பார். இருமுகிற வார்ப்பு மறுபடி உலைக்குப் போகும். அந்தத் தீர்ப்புக்கு மேல் அப்பீல் கிடையாது.

சூசை எங்கள் பவுண்டரியில் பிசிறு தட்டுகிற வேலையில் இருந்தான். வார்ப்பின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் இரும்பை உளியால் தட்டி எடுப்பது. ராயபுரத்துக் கடற்கரைக் குடும்பம். அப்பா இல்லை. இரண்டு அண்ணன்களும் கட்டுமரத்தில் போகிறவர்கள். இவனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே வாந்தி எடுத்துவிட்டான். மூன்று நாள் பார்த்துவிட்டு அண்ணன்கள் கரையிலேயே இறக்கிவிட்டார்கள். போதாததற்கு நெத்திலி என்று பேர் வேறு வைத்தார்கள். அப்போது அவன் உடம்பும் அப்படித்தான் இருந்தது. எங்கள் பவுண்டரியில் சேர்ந்த முதல் வாரம் உளியைத் தூக்கினால் உளி இவனைத் தூக்கியது.

அந்தப் பேரை அழிக்கத்தான் அவன் உடற்பயிற்சியில் இறங்கினான். வலை உலர்த்துகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. இரண்டு கர்லாக் கட்டையும் ஒரு உடைந்த கண்ணாடியும்தான் அங்கே சொத்து. எங்கிருந்தோ ஒரு ஆங்கிலப் பத்திரிகையைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினான். படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்துச் செய்வான். முதல் படத்தில் வெள்ளைக்காரன் நின்றுகொண்டிருந்தான், மூன்றாவது படத்தில் படுத்துக்கொண்டிருந்தான். நடுவில் இருந்த படம் கிழிந்துபோயிருந்தது. சூசை ஒரு மாதம் நின்ற இடத்திலிருந்து பொத்தென்று விழுந்து பார்த்தான். பிறகு அந்தப் பயிற்சியை விட்டுவிட்டான். வேறு எதையும் அவன் விட்டு நான் பார்த்ததில்லை.

டீ குடிக்க மாட்டான். பஸ் ஏற மாட்டான், ராயபுரத்திலிருந்து திருவொற்றியூருக்கு நடைதான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் முளைகட்டிய பயறு அடைத்த டப்பா ஒன்று கூடவே வரும். அவன் அம்மா ஆரோக்கியம்மா மீன் விற்கிறவர். அவருக்கு இருந்த ஒரே மனக்குறை, மகன் மீனை உப்பும் மிளகாயும் இல்லாமல் வெந்நீரில் வேகவைத்துத் தின்பதுதான். "நோயாளி கூட இத துன்ன மாட்டான் கண்ணு. என் கையில கொழம்பு கேட்டு தெருவே வர்து, இவன் வெந்நீர் கேக்கறான்" என்று என்னிடம் சொல்லி மூக்கைச் சிந்துவார்.

கர்லாக் கட்டை போதாத நாள் வந்தது. ஒரு ஜோடி தம்புல்ஸ் வேண்டும், ஒவ்வொன்றும் முப்பது பவுண்டு. நைனாவிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உலை இறக்குகிற நாளில் கடைசியாக மிஞ்சும் இரும்பைத் தரையில் ஊற்றிவிடுவோம். அதைத் தருவதற்கு நைனா ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை.

"மத்த வார்ப்பு மாதிரிதான் இதுவும். எங்கிட்ட பாடணும். இருமுச்சின்னா வெளிய போகாது."

வார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை மதியம். மண்ணை அடைத்து அச்சைப் பதிக்கிற பெட்டியில் முதலாவதை ஒழுங்காகத்தான் கட்டினேன். இரண்டாவது பெட்டிக்கு வரும்போது மணி இரண்டு. நாலு மணிக்கு நான் மாத்தூரில் பெண் பார்க்கப் போக வேண்டும். சலித்த மண் தீர்ந்திருந்தது. கிடந்த மண்ணில் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து அமுக்கினேன். இரும்பு விழும்போது ஈர மண்ணிலிருந்து ஆவி கிளம்பும். அது வெளியே போகக் கம்பியால் இருபது இடத்தில் குத்திவிட வேண்டும். நான் நாலு குத்தில் நிறுத்திக்கொண்டேன். இரும்பை ஊற்றியபோது பெட்டிக்குள் 'குளுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கேட்காத மாதிரி கைகால் கழுவிக்கொண்டு மாத்தூருக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை நைனா சுத்தியலோடு வந்தார். முதல் தம்புல்ஸைத் தொங்கவிட்டேன். தட்டினார், கணீரென்றது. "பாடுது. அடுத்தது." அந்த நேரம் பார்த்து யாரோ அவரைக் கூப்பிட, திரும்பிப் பேசினார். அந்த இடைவெளியில் நான் செய்ததுதான் என் வாழ்நாளில் செய்த பெரிய அயோக்கியத்தனம். பாடிய அதே தம்புல்ஸை மறுபடி தொங்கவிட்டேன். நைனா தட்டினார்.

"ரெண்டும் ஒரே கொரல்ல பாடுதுபா" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அது ஒரு முறைதான்.

இன்னொருவன் கையில் போயிருந்தால் அந்தக் குறை வெளியே தெரிந்திருக்காது. இன்றைக்கு இந்தக் கையில் எடுத்ததை நாளைக்கு அந்தக் கையில் எடுப்பான், சரிக்குச் சரியாகப் போயிருக்கும். சூசை அப்படியா? வீட்டுக்குக் கொண்டுபோன அன்றே வெள்ளைப் பெயிண்டால் ஒன்றில் 'இ' என்றும் ஒன்றில் 'வ' என்றும் எழுதிவிட்டான். இடது கைக்கு இது, வலது கைக்கு அது. ஒன்றரை வருஷம் ஒரு நாள் கூட மாற்றி எடுக்கவில்லை. பாடிய தம்புல்ஸ் இடது கைக்குப் போயிருந்தது.

அதோடு விட்டானா? "எடது கை சோம்பேறி மாமு. வலது கை ஜோரா தூக்குது, இது மொனகுது" என்பான். சோம்பேறிக்குத் தண்டனையாக இடது கைக்கு மட்டும் தினமும் இருபது அதிகம் எடுப்பான். நான் பக்கத்தில் நின்று சுவரில் இருந்த வெள்ளைக்காரனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒன்றரை வருஷத்தில் நெத்திலி என்று கூப்பிட ஆள் இல்லாமல் போய்விட்டது. தோள் விரிந்து, மார்பு எழும்பி, பவுண்டரி வாசலில் அவன் நடந்து வந்தால் காவல்காரர் எழுந்து நிற்பார். ஊர் அளவில் ஆணழகன் போட்டி ஒன்று அறிவித்தார்கள். பேர் கொடுத்தான். போட்டிக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது, மாதா கோயில் திருவிழாவுக்குச் சட்டை தைக்கக் காதர் பாயிடம் போனோம். பாய் இடது கையை அளந்தார், வலது கையை அளந்தார், மறுபடி இடது கைக்குப் போனார்.

"இன்னா சூசை, ரெண்டு ஆளுக்கு சட்டை தெக்கணும் போல கீதே. எடது கை முக்கால் இஞ்ச் ஜாஸ்தி."

சூசை அளவு நாடாவை வாங்கித் தானே அளந்து பார்த்தான். அவன் முகம் செத்துவிட்டது. நான் பாயின் தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினான், நானும் கூடப் போனேன். டாக்டர் தட்டினார், அமுக்கினார், நாக்கை நீட்டச் சொன்னார். "எடது கைப் பழக்கமா?" என்றார். "இல்லீங்க, சோத்துக்கைப் பழக்கந்தான்" என்றான். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. என்னை விட நல்லா இருக்கே. அடுத்த ஆள்" என்றார். ஆரோக்கியம்மா இது பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் கண்ணேறு என்று முடிவு செய்து அவளோடு பேச்சை நிறுத்தினார். சூசை யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் என்னிடம், "போட்டில பேர வாபஸ் வாங்கிடறேன் மாமு. ஒரு பக்கம் வீங்கின ஒடம்ப எட்த்துகினு மேடைல நிக்க மாட்டேன். அண்ணனுங்க வேற வருவானுங்க" என்றான்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கைப்பிடியில் துரு எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி இரண்டு தம்புல்ஸையும் கோணிப்பையில் வாங்கிக்கொண்டு நேராக நைனாவிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு பக்கம் துடைத்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாத்தூர் உட்பட.

நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இரண்டையும் தராசில் வைத்தார். 'வ' இரண்டு பவுண்டு குறைவு. தொங்கவிட்டுத் தட்டினார். காசநோய்க்காரன் மாதிரி இருமியது. "ஒட" என்றார். பெரிய சம்மட்டியால் நாலு போடு போட்டேன். ஒரு பக்கத்து உருண்டை இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஒரு சின்னச் சாத்துக்குடி உட்காருகிற அளவுக்கு வழவழவென்று ஓட்டை.

"இத எட்த்துகினு போ. நீ சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதி உருண்டையைப் பையில் போட்டுக்கொண்டு ராயபுரம் போனேன். ஆரோக்கியம்மா என்னை உட்காரவைத்து வஞ்சிரக் குழம்பு ஊற்றினார். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் நைனா கேட்டார்.

"சொல்லிட்டியா?"

"மீன் கொழம்பு குடுத்தாங்க நைனா."

"நான் அத கேக்கல."

அன்று சாயந்திரமே மறுபடி போனேன். மறுபடி இலையைப் போட்டார்கள். இம்முறை வவ்வால் மீன். எதிரே சூசை தன் வெந்நீர் மீனைத் தலை குனிந்து தின்றுகொண்டிருந்தான். நான் இரண்டாம் சோற்றுக்கு வரும்போது ஆரோக்கியம்மா என் பையை நகர்த்தப் போய், கனத்தைப் பார்த்துத் திறந்துவிட்டார்.

"இன்னா கண்ணு இது, இரும்புல தேங்கா மூடி?"

சூசை நிமிர்ந்தான். அம்மா கையிலிருந்து அதை வாங்கினான். உருண்டையின் முதுகில் பாதி 'வ' இருந்தது. கட்டைவிரலை ஓட்டைக்குள் விட்டுச் சுற்றிப் பார்த்தான். நான் சோற்றுக் கையோடு எழுந்து சுவர் ஓரமாக நின்றுகொண்டு சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. வாசல் எந்தப் பக்கம் என்று மட்டும் முன்பே பார்த்து வைத்திருந்தேன்.

சூசை அந்தப் பாதி உருண்டையைத் தரையில் வைத்தான். பிறகு கேட்டான்.

"எவ்ளோ கொறவு?"

"ரெண்டு பவுண்டு."

"அப்போ எனுக்கு வியாதி இல்ல."

"இல்ல."

"எடது கை சோம்பேறியும் இல்ல."

"இல்ல சூசை."

அவன் தன் இடது புஜத்தைத் திருப்பிப் பார்த்தான். மெல்லத் தடவிக்கொடுத்தான். "ஒன்ற வருஷமா இத திட்டிகினே கீறேன் மாமு. பாவம், ஒரு வார்த்த பேசாம ஒழச்சிகீது" என்றான். கண் கலங்கியிருந்தது. நானும் அழுதுவிட்டேன். ஆரோக்கியம்மாவுக்கு மட்டும் ஏமாற்றம். "அப்போ கண்ணேறு இல்லியா? அந்த ஸ்டெல்லா கைல நான் எப்பிடி போயி பேசறது?" என்றார்.

"அந்த மாத்தூர் பொண்ணு இன்னா ஆச்சி?" என்றான் சூசை.

"புடிக்கலன்னுட்டாங்க."

"யாரு?"

"அவங்கதான்."

அவன் சிரித்த சிரிப்பில் குழம்புச் சட்டி அதிர்ந்தது. "சரி, குந்து. சோறு ஆறுது" என்றான். நான் உட்கார்ந்ததும் என் தண்டனையைச் சொன்னான். "நாளைலேந்து காலைல அஞ்சரைக்கு கொட்டாய்க்கு வா. நான் தூக்கறேன், நீ எண்ணு. எனுக்கு இப்போ வலது கை சீக்கிரம் ஏறணும்னு அவசரம். நானே எண்ணுனா நாலு சேத்து எண்ணிடுவேன்."

"என்ன எப்பிடி நம்பற?"

"ஒரு வாட்டி மாட்டிகினவன் திரும்ப செய்ய மாட்டான்."

அந்த வார உலை நாளில் புது ஜோடி வார்க்க நைனா சட்டையைக் கழற்றிவிட்டு மண்ணில் இறங்கினார். போர்மேன் மண் தொட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை. மண்ணைத் தானே மூன்று தரம் சலித்தார். தண்ணீரை விரலால் தெறித்தார். ஒரு பிடி பிடித்து, உடைத்து, உடைந்த முனை கூர்மையாக நிற்கிறதா என்று பார்த்தார். கம்பியால் குத்தச் சொல்லிவிட்டு ஒவ்வொரு குத்தையும் வாய்விட்டு எண்ணினார். இருபது வந்ததும், "இன்னொண்ணு, மாத்தூருக்கு" என்றார். ஆறிய தம்புல்ஸ் இரண்டையும் சோதிக்கும்போது, முதலாவதைத் தட்டியதும் அதன் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டும் பாடின.

சூசைக்கு இரண்டு மாதம் இருந்தது. வலது கையை ஏற்றுவது அவனுக்குச் சுலபம், இடது கையைச் சும்மா வைத்திருப்பதுதான் தவம். அது தானாகப் போய் எதையாவது தூக்கிவிடும். கடைசியில் கழுத்திலிருந்து துணியால் தொட்டில் கட்டி இடது கையை அதில் போட்டுவிட்டான். கோயிலுக்கும் அப்படியே போனான். அடிபட்டுவிட்டது என்று நினைத்து ஜனங்கள் பழத்தோடு பார்க்க வந்தார்கள். முதலில் வந்தது ஸ்டெல்லா. ஆரோக்கியம்மாவின் பிரச்சினை அப்படித் தீர்ந்தது.

பவுண்டரியில் ஒற்றைக் கையால் உளி பிடிக்க முடியாது. நைனா அவனை மண் கலக்கும் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றுகிற வேலைக்கு மாற்றினார். வலது கையால் மட்டும். மேனேஜர் துரை அந்தத் துணித் தொட்டிலைப் பார்த்துவிட்டு, விபத்து நடந்திருக்கிறது, ஏன் ரிப்போர்ட் வரவில்லை என்று கேட்டார். நைனா கண்ணாடியைத் துடைத்தபடியே இங்கிலீஷில் பதில் சொன்னார். வலது கை ரிப்பேரில் இருக்கிறது, அது முடிகிற வரைக்கும் இடது கை காத்திருக்கிறது என்று அர்த்தம். துரை இரண்டு முறை தலையாட்டிவிட்டுப் போனார். என்ன புரிந்துகொண்டார் என்று தெரியாது.

நான் தினமும் ஐந்தரைக்குப் போய் எண்ணினேன். ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் நாற்பதுக்கு அடுத்து ஐம்பத்தொன்று என்றுவிட்டேன். தூக்கிய கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்தி, "நடுவுல பத்து எங்க போச்சி?" என்றான். மூச்சு வாங்கிக்கொண்டு, புஜம் நடுங்க, என் வாயிலிருந்து நாற்பத்தொன்று வருகிற வரைக்கும் இறக்கவில்லை.

போட்டி ஜார்ஜ் டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நைனா இஸ்திரி போட்ட கோட்டில் வந்திருந்தார். அண்ணன்கள் இருவரும் கடைசி வரிசையில் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள். சூசை எண்ணெய் பூசிக்கொண்டு மேடைக்கு வந்தான். நடுவர் நாடாவோடு வந்தார். கழுத்து, மார்பு, இடுப்பு, தொடை. பிறகு இடது புஜம். பிறகு வலது. நான் நைனாவின் முழங்கையைப் பிடித்தது எனக்கே தெரியவில்லை. நடுவர் நாடாவை உற்றுப் பார்த்தார். பக்கத்து நடுவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நூல் கூட வித்தியாசம் இல்ல" என்றார் அவர்.

முதல் பரிசு சூசைக்கு. அண்ணன்கள் பெஞ்சு உடைந்து கீழே விழுந்தார்கள், விழுந்த இடத்திலிருந்தே கை தட்டினார்கள். நைனா தன் முழங்கையை என்னிடமிருந்து விடுவித்துக்கொண்டு, "கைய எட்றா, நோவுது" என்றார். அன்று வீட்டில் ஆரோக்கியம்மா காரமாக ஒரு குழம்பு வைத்தார். சூசை மூன்று தட்டு தின்றான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு மிளகாய் பட்டதில் கண்ணீராகக் கொட்டியது, ஆனாலும் நிறுத்தவில்லை.

நான் புறப்படும்போது வாசல் வரைக்கும் வந்தான்.

"காலைல அஞ்சரைக்கு வந்துடு."

"அதான் போட்டி முடிஞ்சிடுச்சே சூசை. ரெண்டும் சமமா கீதுன்னு அவங்களே சொல்லிட்டாங்களே."

"இன்னிக்கு சமம். எடது கை ரெண்டு மாசமா சும்மா கெடந்துகீது மாமு. அது இன்னா பாவம் பண்ணிச்சி?"

மறுநாள் எனக்கு எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. கொட்டகைக்கு ஓடினேன். சூசை அதற்குள் ஆரம்பித்துவிட்டிருந்தான். இடது கை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, வேர்வை வழிந்தது.

"எத்தினி ஆச்சி?" என்றேன்.

"முப்பது இருக்கும்."

"அப்போ முப்பத்தொண்ணுலேந்து எண்ணவா?"

தம்புல்ஸைக் கீழே வைத்தான். கையை உதறிக்கொண்டு மறுபடி குனிந்து எடுத்தான்.

"நீ எண்ணாதது கணக்குல சேராது. ஒண்ணுலேந்து ஆரம்பி."